கரையில் நிற்க இடம் கொடுங்கள்: எல்லாரும் ஒரே நேரத்தில் பதிய வந்தால் வரிசை அமைப்பது எப்படி

மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் உயர்தரப் பரீட்சை (ஏஎல்) எழுதும் மாணவர்களுக்கு ஓர் இணைய வகுப்புத் தளம் நடத்துகிறோம். கடந்தகால வினாத்தாள், திருத்திக் கொடுக்கிற விடைத்தாள், கிழமைக்கு இரண்டு சூம் வகுப்பு, அவ்வளவுதான். சாதாரண நாளில் பத்துப் பதினைந்து பேர் புதிதாகப் பதிவார்கள். ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, பிள்ளைகளிடம் நல்ல பெயர் எடுத்த இரசாயனவியல் சேர் ஒருவர் தன் பேஸ்புக்கில் "இலவச மீட்டல் வகுப்பு, 600 இடம்" என்று எங்கள் லிங்கைப் போட்டார். ஏழு ஐந்துக்குத் தளம் விழுந்துவிட்டது. திரும்ப எழுந்தது பத்தே முக்காலுக்கு.

பிறகு பட்டியலைப் பார்த்தால் ஒரே பிள்ளையின் பெயர் ஐந்து தடவை இருக்கிறது. நகரப் பிள்ளைகள், கல்லடி, காத்தான்குடிப் பிள்ளைகள் நிறைய. தூரத்து ஊர்களான வாகரையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். மறுநாள் காலை வாகரையிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "மனே, நேத்து ரா பன்னெண்டு மணி மட்டும் அமத்திக்கிட்டே இருந்தன். போட்ட டேட்டாவும் முடிஞ்சு. என்ட புள்ளைக்கு இடம் இரிக்கா?" இடம் இருக்கவில்லை. அவருக்கு என்ன சொன்னேன் என்பதுகூட இப்போது நினைவில்லை, ஆனால் அந்தக் கேள்வி மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து தடவை இதேபோல் பதிவு திறந்திருக்கிறோம். ஒருமுறைகூடத் தளம் விழவில்லை. சேர்வர் அதே பழைய சேர்வர்தான். மாற்றியது வரிசையை. வகுப்போ, டொக்டரைப் பார்க்கச் சனல் பண்ணி நேரம் எடுப்பதோ, நிவாரணப் பதிவோ, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம் என்றால், கீழே உள்ளதை முதல் நாளே செய்து வையுங்கள்.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியில் பாதை ஓடும். ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பெயரே பாதைதான். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு அம்மம்மாவோடு போய் அந்தத் துறையில் நின்றிருக்கிறேன். பாதைக்காரர் இத்தனை பேர் என்று ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். மற்றவர்கள் கரையில் நிற்பார்கள். கரையில் ஆயிரம் பேர் நின்றாலும் பாதைக்கு ஒரு பாரமும் இல்லை. நிழலில் இருக்கலாம், கச்சான் வாங்கித் தின்னலாம். அந்தச் சனிக்கிழமை நாங்கள் எல்லாரையும் பாதையில் ஏற்றிவிட்டு, அதற்குள் நின்றுகொண்டே காத்திருக்கச் சொல்லியிருந்தோம். ஆன்லைன் வரிசை என்கிற வேலை முழுவதும் காத்திருப்பை நீரிலிருந்து கரைக்கு மாற்றுகிற வேலைதான்.

உங்கள் பாதை எத்தனை பேரைத் தாங்கும்

முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பதிவுப் பக்கம் மற்றப் பக்கங்களைப்போல் இல்லை, கனமானது. ஒருவர் புதிதாகப் பதியும்போது கடவுச்சொல்லை பிகிரிப்ட் மாதிரி ஒரு முறையில் குழப்பிச் சேமிக்கிறோம். திருடன் ஒருவன் இலட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்க முடியாதபடி, வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் அமைப்பில் ஒருவருக்குக் கால் செக்கன் பிடித்தது. சேர்வரில் இரண்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பேரின் வேலையைச் செய்யும். ஆகவே வேறு எந்த வேலையும் இல்லாவிட்டாலும் ஒரு செக்கனுக்கு 8 பேர்தான்.

அன்றைக்கு முதல் ஒரு நிமிடத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 2000 பேர். நிமிட முடிவில் 480 பேரின் வேலை முடிந்திருக்கும், 1520 பேர் மிச்சம். அவர்களுக்கு இன்னும் 190 செக்கன். எல்லாரும் ஒரு தடவை மட்டும் அமத்திவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் 4 நிமிடம் 10 செக்கனில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எங்களுக்கு 3 மணி 40 நிமிடம் போனது.

இடையில் நடந்தது இதுதான். பத்து செக்கன் பக்கம் வராவிட்டால் யாரும் திரும்ப அமத்துவார்கள். நானும் அமத்துவேன். ஆனால் முதல் அமத்தலுக்கான வேலையைச் சேர்வர் விட்டுவிடவில்லை. ஆள் போன பின்னும் அந்தக் கடவுச்சொல்லைக் குழப்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது அமத்தல் அதற்குப் பின்னால் போய் நிற்கிறது, மூன்றாவது அதற்கும் பின்னால். கொஞ்ச நேரத்தில் சேர்வர் செய்கிற வேலையெல்லாம் எழும்பிப் போய்விட்ட ஆட்களுக்காகச் செய்கிற வேலையாக மாறிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தானாக விடுகிற இணைப்பு 100. அதுவும் நிரம்பிவிட்டால் ஏற்கெனவே பதிந்த பிள்ளைக்குக்கூட உள்ளே போக முடியாது. பெரிய சேர்வர் வாங்கினால் இது தீரும் என்று நினைக்காதீர்கள். விழுகிற நேரம் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. 1961 இல் ஜோன் லிட்டில் என்பவர் நிறுவிக் காட்டியது, பார்க்க எளிது. உள்ளே இருப்பவர்களின் தொகை என்பது ஒரு செக்கனுக்கு உள்ளே விடுகிறவர்களை, ஒருவர் உள்ளே இருக்கிற செக்கனால் பெருக்கினால் வருவது. எங்கள் படிவத்தை நிரப்ப ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம், அதாவது 180 செக்கன் ஆகிறது. சேர்வர் சிரமமில்லாமல் 300 பேரை உள்ளே வைத்திருக்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறோம். 300 ஐ 180 ஆல் வகுத்தால் செக்கனுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல், நிமிடத்துக்கு 100 பேர். இந்த 100 தான் எங்கள் பாதை. இதைக் கண்டுபிடிக்காமல் வேறு எதையும் கட்டத் தொடங்க வேண்டாம்.

சேர்வர் தாங்கினாலும் ஓ.டி.பி. அனுப்புகிற எஸ்.எம்.எஸ். சேவை தாங்காமல் போகலாம். ஒரு செக்கனுக்கு எத்தனை செய்தி அனுப்பலாம் என்பது அவர்களோடு செய்த ஒப்பந்தத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எண்.

துண்டு

ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க முதலில் துண்டு எடுப்போம் அல்லவா, அதேபோல் இங்கேயும். துண்டு எடுக்கிற பக்கம் பதிவுப் பக்கம் அல்ல. கடவுச்சொல் இல்லை, படம் இல்லை, பாடசாலை விபரம் இல்லை. கேட்பது போன் இலக்கமும் பெயரும் மட்டும். அந்தப் பக்கம் சேர்வரில் இருக்கவே கூடாது. உள்ளடக்கத்தைப் பல ஊர்களில் வைத்துப் பரிமாறுகிற சீடிஎன் சேவை ஒன்றில் அசையாத பக்கமாகப் போட்டுவிடுங்கள். எங்களுடையது 12 கிலோபைட். அழகான தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் அது ஒன்றே பக்கத்தை விடப் பெரிதாகிவிடும். பிள்ளையின் போனில் தமிழ் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது, அது போதும்.

பின்னால் ஒரே ஒரு அட்டவணை: வரிசை இலக்கம், போன், பெயர், எடுத்த நேரம், நிலை. ஒரு துண்டு எடுப்பது அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது. கால் செக்கன் இல்லை, மில்லி செக்கன் கணக்கு. போனும் பெயரும் சேர்ந்து இரட்டிக்கக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே விதி போடுங்கள். அதே ஆள் பத்துத் தடவை அமத்தினாலும் புது வரி சேராமல், முதல் எடுத்த துண்டே திரும்ப வர வேண்டும். திரும்ப அமத்துவதைத் தடுக்க முடியாது. அமத்தினால் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ளலாம். ரெடிஸ் என்கிற, நினைவகத்தில் ஓடுகிற தரவுத்தளத்தில் வரிசைப்படுத்திய தொகுப்பு வைத்தும் இதைச் செய்யலாம், வேகமாக ஓடும். சில ஆயிரம் பேருக்குப் போஸ்ட்கிரெஸ் ஒன்றே போதும் என்பது என் அனுபவம். கரண்ட் போனாலும் சேர்வர் விழுந்து எழும்பினாலும் துண்டு அழியாது.

போன் இலக்கத்தைச் சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒருவர் 077 என்று தொடங்குவார், ஒருவர் 9477 என்பார், இன்னொருவர் முன்னால் கூட்டல் குறி போடுவார், நடுவில் இடைவெளி விடுவார். நான்கும் ஒரே ஆள். பெரியவர்களை அடையாள அட்டை இலக்கத்தால் பதிகிற வேலையானால் இன்னும் கவனம் வேண்டும். 2016 முதல் வந்த அட்டையில் 12 இலக்கம், பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். பழைய அட்டையைப் புதுப்பித்தவருக்கு இரண்டும் தெரியும், இரண்டையும் போடுவார். பழையதன் முதல் ஐந்து இலக்கத்துக்கு முன்னால் 19 ஐயும், அந்த ஐந்துக்குப் பின்னால் ஒரு 0 ஐயும் சேர்த்து, மிச்ச நான்கு இலக்கத்தையும் எழுதினால் புதியது வந்துவிடும். சேமிக்கும்போதே மாற்றிவிடுங்கள். தேவையில்லாவிட்டால் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கவே வேண்டாம். வாங்கினால் அதைக் காப்பாற்றுகிற பொறுப்பும் உங்களுடையது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இங்கே நாங்கள் இரண்டு தவறு செய்தோம். முதலாவது, ஒரு போனுக்கு ஒரு துண்டு என்று வைத்தது. எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் ஒரு போன்தான். அக்கா ஏஎல் இரண்டாம் தடவை எழுதுகிறாள், தம்பி முதல் தடவை, அடுத்த வீட்டுப் பிள்ளையும் இதிலேதான் பார்க்கிறது. இப்போது ஒரு போனில் மூன்று பெயர் வரை விடுகிறோம். இரண்டாவது, ஒரே ஐபி முகவரியிலிருந்து பத்துக்கு மேல் வந்தால் தடை என்று போட்டது. ரோபோக்களைத் தடுக்கப் புத்தகத்தில் சொல்லியிருக்கிற முறை அது. ஆனால் போன் டேட்டாவில் வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால்தான் இருப்பார்கள். கம்பனிகள் முகவரிப் பற்றாக்குறைக்காக அப்படிப் பகிர்ந்து கொடுக்கின்றன. நாங்கள் தடுத்தது ரோபோவை அல்ல, ஓர் ஊரையே. கொமியூனிகேஷன் கடைக்குப் போய்ப் பதிகிற பிள்ளைகளும் இதே வலையில் மாட்டினார்கள். ஐபியை விட்டுவிட்டுப் போன் இலக்கத்துக்கு ஓ.டி.பி. அனுப்புங்கள், அதுவும் துண்டு எடுக்கிற நேரத்தில் இல்லை, முறை வந்த பிறகு.

முந்தி வந்தவருக்கா, எல்லாருக்குமா

இதில்தான் நாங்கள் அதிகம் வாதாடினோம். இடம் எல்லாருக்கும் இருக்கிறது, கொஞ்சம் காத்திருந்தால் போதும் என்றால், வந்த ஒழுங்கில் விடுவதே நியாயம். எங்களுக்கு 600 இடம்தான். வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. முந்தி வந்தவருக்கு என்று வைத்தால் இடம் யாருக்குப் போகும்? கல்லடியில் வீட்டுக்கு ஃபைபர் எடுத்த பிள்ளை இரண்டு செக்கனில் துண்டு எடுத்துவிடும். வாகரையில் மரத்தடிக்குப் போனால்தான் இரண்டு கோடு சிக்னல் வரும் என்கிற பிள்ளைக்குப் பக்கம் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும்.

சேர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நேரத்துக்கு வந்த பிள்ளைக்குத்தானே இடம் குடுக்க வேணும்? பிந்தி வந்தவனுக்குக் குடுத்தா அது என்ன நியாயம்?"

"நேரத்துக்கு எல்லாரும்தான் வந்த சேர். முந்தினது பிள்ளை இல்ல, டவர்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் படிப்பித்த காலத்தில் பஸ் வராத நாளில் பிள்ளைகள் நடந்து வந்து முதல் பாடத்தைத் தவறவிட்டதைச் சொன்னார். அன்றைக்கு முடிவாகிவிட்டது.

இப்போது நாங்கள் அறிவிப்பது இப்படி: சனி காலை 6 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரை துண்டு எடுக்கலாம், எப்போது எடுத்தாலும் ஒன்றுதான், எட்டு மணிக்குப் பிறகு எல்லாப் பெயரையும் குலுக்கி வரிசை போடுவோம். குலுக்கலை அந்த இரசாயனவியல் சேரும் பெற்றோர் இருவரும் பார்த்திருக்க, சூமில் செய்கிறோம். இலக்கம் எவருக்கும் குலுக்கும் முன் காட்டப்படுவதில்லை. காட்டிய இலக்கம் பிறகு கூடக் கூடாது. 200 இல் நின்றவரை 450 என்று காட்டினால் நீங்கள் அதன்பின் என்ன சொன்னாலும் நம்பமாட்டார்.

இதைச் செய்த நாளில் எங்களுக்கே ஆச்சரியம். நெரிசலே வரவில்லை. முந்த வேண்டிய காரணத்தை எடுத்துவிட்டால் யாரும் முந்துவதில்லை. சனி காலை கொஞ்சம், மதியம் கொஞ்சம், ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து கொஞ்சம் என்று இரண்டு நாளில் பரவிவிட்டது. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் ஜூலையில் கியூஆர் முறை வந்தது. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் பிரித்தார்கள், கிழமைக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். அதன் பிறகுதான் வரிசை சுருங்கத் தொடங்கியது. எண்ணெய் வரவு சீரானதும் ஒரு காரணம்தான். ஆனாலும் "இப்ப போகாட்டி கிடைக்காது" என்கிற பயம் போனதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம்.

குலுக்க முடியாத சேவையானால் நாள் பிரியுங்கள். போன் இலக்கத்தின் கடைசி எண், பிரதேச செயலகப் பிரிவு, பாடம், எதுவும் சரி. இன்றைக்குக் கலை, நாளைக்கு வர்த்தகம், நாளை மறுநாள் விஞ்ஞானம் என்றாலே சுமை மூன்றில் ஒன்றாகிவிடும்.

வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்

துண்டு எடுத்தவர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பல இணையதளங்களில் காத்திருக்கும் பக்கம் "மூட வேண்டாம், மூடினால் உங்கள் இடம் போய்விடும்" என்று சொல்கிறது. ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிற வீட்டில், மழைக்குக் கரண்ட் போகிற ஊரில், அந்த வசனத்தை எழுதாதீர்கள். இடம் போனில் இருக்கக் கூடாது, உங்கள் அட்டவணையில் இருக்க வேண்டும். வேறொரு போனில் வந்து தன் இலக்கத்தைத் தட்டினாலும் அதே துண்டு வர வேண்டும்.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதித் தளம் 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி திறந்தபோது முதல் நாளில் முழுதாகப் பதிந்து முடித்தவர்கள் 6 பேர். எத்தனையோ காரணங்கள். அதில் ஒன்று, என்ன திட்டங்கள் இருக்கின்றன என்று பார்க்கவே முதலில் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்திருந்தது. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள்கூட மிகக் கனமான வாசல் வழியாக நுழைய வேண்டியிருந்தது. அந்த வருட இறுதிக்குள் அவர்கள் ஒரு வரிசை வைத்தார்கள். நெரிசலில் வந்தவர் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுப் போகலாம், திரும்ப வரவேண்டிய நேரத்தை அவர்களே அறிவிப்பார்கள். அவ்வளவு பணமும் ஆட்களும் உள்ள இடத்திலும் கடைசியில் வந்து சேர்ந்தது இதே துண்டுக்குத்தான். வகுப்பு நேரம், பாடத்திட்டம், கட்டணம் எல்லாவற்றையும் பதியாமலே பார்க்கும்படி வையுங்கள். பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

வந்த ஒழுங்கில் விடுகிற வரிசையில் சிலர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுடைய பக்கம் சேர்வரை எத்தனை தடவை கேட்கிறது என்று பாருங்கள். 3000 போன் 3 செக்கனுக்கு ஒரு தடவை கேட்டால் செக்கனுக்கு 1000 கேள்வி. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 50 தான். பின்னால் நிற்பவருக்கு ஐந்து நிமிடம், கிட்ட வந்தவருக்கு இருபது செக்கன் என்று சேர்வரே பதிலில் சொல்லட்டும். பதிலோடு போகிற ரீட்ரை ஆஃப்டர் என்கிற தலைப்புக் குறிப்பு அதற்கென்றே இருக்கிறது, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அதை வாசித்து நடந்தால் போதும். ஒவ்வொரு போனுக்கும் சில செக்கன் கூட்டிக் குறைத்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நொடியில் கேட்கும்.

பக்கத்தில் "சற்று நேரம் காத்திருக்கவும்" என்று எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் வருவது: "உங்களுக்கு முன்னால் 540 பேர். உங்கள் முறை இரவு 9.30 க்கும் 10.15 க்கும் இடையில் வரும். இந்தப் பக்கத்தை மூடலாம், போனை அணைக்கலாம். முறை வந்ததும் எஸ்.எம்.எஸ். அனுப்புவோம், அதற்குப் பிறகு 24 மணி நேரம் உங்கள் இடம் இருக்கும்." நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லுங்கள். பத்தேகால் என்று சொல்லிப் பத்துக்கு அழைத்தால் சந்தோஷம், பத்தரைக்கு அழைத்தால் கோபம்.

குலுக்கலுக்கு மாற முன், இந்தப் பக்கம் வைத்த முதல் தடவை, வாகரை அம்மா மறுபடி அழைத்தார். பக்கத்தில் இருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். "அப்ப நான் இதை மூடிற்றுப் படுக்கலாமா மனே?" படுங்கள் அம்மா என்றேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு கணக்கு

ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்து போகும். தமிழில் எழுதினால் 70 தான். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகி, காசும் இரண்டு மடங்கு. அந்த 70 ஐயும் நாம் எண்ணுகிற மாதிரிப் போன் எண்ணுவதில்லை. "முறை" என்பது நமக்கு இரண்டு எழுத்து. போனுக்கு நான்கு: ம, உகரக் குறி, ற, ஐகாரக் குறி. "வந்துவிட்டது" நமக்கு ஏழு, அதற்குப் பன்னிரண்டு, புள்ளியும் ஓர் இடம் பிடிக்கும். பல நாள் வெட்டி ஒட்டி நாங்கள் வந்து சேர்ந்த வசனம் இது:

உங்கள் முறை வந்துவிட்டது. நாளை இரவு 8 வரை பதியலாம்:

இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 51 இடம். மிச்சம் 19. ஓர் இடைவெளி போக லிங்குக்கு 18. குறுகிய முகவரி ஒன்று எடுத்து அதற்குள் அடக்கினோம். ஆங்கிலத்தில் அனுப்பினால் இந்தக் கஷ்டமே இல்லை என்று ஒருவர் சொன்னார். அம்மாவின் போனுக்குப் போகிற செய்தி அம்மா வாசிக்கிற மொழியில் இருக்க வேண்டும், 70 க்குள் எழுதுவது எங்கள் வேலை.

உள்ளே விடுவது

நிமிடத்துக்கு 100 என்று கண்டுபிடித்தோம் அல்லவா, அதைக் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாது. ஒவ்வொரு நிமிடமும் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, 300 இலிருந்து கழித்து, மிச்சத்தை மட்டும் விடுங்கள். யாராவது படிவத்தின் நடுவில் எழும்பிச் சாப்பிடப் போயிருப்பார். அப்போது குறைவாகத்தான் விட வேண்டும். இரண்டு நிரல் ஒரே நேரத்தில் ஒரே ஆளை அழைக்காதபடி போஸ்ட்கிரெஸில் ஸ்கிப் லாக்ட் என்கிற வசதி இருக்கிறது, 9.5 பதிப்பிலிருந்து. அந்த 300 ஐ நிரலுக்குள் எழுதிவிடாமல் அமைப்பு அட்டவணையில் வையுங்கள். ஏதாவது பிசகினால் போனிலிருந்தே 300 ஐ 50 ஆக்கலாம், சுழியமாக்கி நிறுத்தியும் வைக்கலாம்.

படிவத்தையும் மெலிய வையுங்கள். கடவுச்சொல்லை நாங்கள் எடுத்தேவிட்டோம். ஓ.டி.பி. போதும். படம், பாடசாலைக் கடிதம் எல்லாம் வகுப்பு தொடங்கிய கிழமையில் வாங்கலாம். "பதிக" பொத்தானுக்கு ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இலக்கம் ஒன்றை ஒட்டிவிட்டால், மூன்று தடவை அமத்தினாலும் ஒரு பதிவுதான் விழும்.

திறப்பதற்கு ஒரு கிழமை முன்பு கே6 அல்லது ஜேமீட்டர் என்கிற சுமைச் சோதனைக் கருவியால் 3000 பொய் ஆட்களை அனுப்பிப் பாருங்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு சிக்னல் குறைந்த இடத்துக்குப் போய் நீங்களே ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். நான் மோட்டார் சைக்கிளில் வாகரை வரை போனேன். கல்லடியில் தெரியாத மூன்று பிழை அங்கே தெரிந்தது. பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கிற பக்கத்தில் ஓ.டி.பி. பார்க்க வெளியே போய்த் திரும்பினால் படிவம் வெறுமையாகிவிடுவது அதில் ஒன்று.

திறந்த நாளில் ஒருவர் சேர்வரைப் பார்க்கட்டும், ஒருவர் போன் எடுக்கட்டும், ஒருவர் சேரின் பேஸ்புக்கில் வருகிற கேள்விக்குப் பதில் எழுதட்டும். மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டாம். பரீட்சை முடிவு வருகிற நாளில் திறக்கவும் வேண்டாம்.

முறை வந்தும் வராதவர்கள்

எப்போதும் இருப்பார்கள். 24 மணி நேரம் முடிவதற்கு நான்கு மணி நேரம் இருக்கும்போது அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைக்கிறோம். தானாக ரத்துச் செய்து அடுத்தவருக்குக் கொடுப்பது எளிது, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சென்ற தடவை 43 பேர். அழைத்துப் பார்த்ததில் சிலருக்கு எஸ்.எம்.எஸ். போகவே இல்லை, சிலருக்கு வந்தும் விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள், சில போன் அணைந்திருந்தது. இடம் வேண்டாம் என்று சொன்னவர்கள் ஏழு பேர்தான்.

கடைசியாக அழைத்த இலக்கத்தை ஒரு தாத்தா எடுத்தார். பேரன் வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குப் போயிருக்கிறான், பொழுதுபட்டுத்தான் வருவான், போன் வீட்டில் இருக்கிறது என்றார். எட்டு மணிக்கு நேரம் முடிகிறது. அந்த இடத்தை மறுநாள் காலை ஒன்பது வரை நீட்டி வைத்தோம். ஆறு ஐம்பதுக்குப் பதிந்துவிட்டான்.